கரண்ட் விற்கிற கம்பெனியே "குறைவாக வாங்கு" என்று பணம் தருவது ஏன்?

கேள்வி இதுதான்: "கலிபோர்னியாவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு மின் நிறுவனத்தின் ஆட்கள் வந்து, ஓடிக்கொண்டிருந்த பழைய ஃபிரிட்ஜை எடுத்துப்போய், அதற்குப் பணமும் கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் விற்பவர்கள் எதற்கு இப்படிச் செய்ய வேண்டும்? நம் ஊரில் ஈ.பி. ஏன் இதைச் செய்வதில்லை? என் வீட்டுக்கும் நான் நடத்தும் சின்ன ஒர்க்‌ஷாப்புக்கும் இப்போதைக்கு என்ன வழி?"

ஒரு யூனிட் மிச்சமானால் அதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்ற கணக்கை அங்கே சட்டம் போட்டு மாற்றி எழுதிவிட்டார்கள். இங்கே அந்தக் கணக்கு பழையபடியே இருக்கிறது. எனர்ஜி ஆடிட், அதாவது மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்கிற தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் என் முதல் பதில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

மின் விநியோக நிறுவனத்தின் செலவில் பெரிய பங்கு, யூனிட் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகிற செலவு. கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சப்ஸ்டேஷன், சம்பளம், கடனுக்கு வட்டி, மின் நிலையங்களோடு போட்ட ஒப்பந்தப்படி மாதாமாதம் கட்ட வேண்டிய நிலையான தொகை, இப்படி. ஆனால் வருமானம் வருவதோ பெரும்பாலும் யூனிட் கணக்கில். அதனால் நீங்கள் ஒரு யூனிட் குறைத்தால் நிறுவனத்தின் வருமானம் உடனே குறையும், செலவு அந்த அளவுக்குக் குறையாது. இந்த நிலையில் எந்த நிறுவனமும் மனதார மின்சிக்கனம் பேசாது. பேசினாலும் டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சிக்கன நாளன்று ஒரு பேரணி, ஒரு ஓவியப் போட்டி என்று முடித்துக்கொள்ளும்.

கலிபோர்னியாவில் இதை மாற்றியது 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வந்த பத்தாண்டுகள். அதற்கு முன்பு மின் தேவை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே இருந்தது. நிறுவனங்களும் வரிசையாகப் புதிய நிலையங்களுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அப்போது பெர்க்லியில் துகள் இயற்பியலாளராக இருந்த ஆர்தர் ரோசன்ஃபெல்ட், என்ரிக்கோ ஃபெர்மியின் மாணவர், தன் துறையை விட்டு இந்தப் பக்கம் வந்தார். ஃபிரிட்ஜ், விளக்கு, ஜன்னல், கட்டடம் ஆகியவற்றில் வீணாகிற மின்சாரத்தைத் தடுத்தாலே பல நிலையங்கள் தேவைப்படாது என்று எண்களோடு காட்டினார். 1974இல் மாநிலச் சட்டத்தால் எரிசக்தி ஆணையம் உருவானது. பின்னாளில் அவரே அதில் ஆணையராகவும் இருந்தார்.

ஃபிரிட்ஜை மட்டும் பாருங்கள். 1970களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற ஒரு புதிய ஃபிரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 1800 யூனிட் இழுத்தது. இதற்கு மேல் மின்சாரம் இழுக்கக் கூடாது என்ற தர வரம்பை முதலில் கலிபோர்னியா கொண்டுவந்தது, பிறகு நாடு முழுக்க வந்தது. 2001இல் வந்த வரம்புப்படி அது சுமார் 500 யூனிட்டுக்கு இறங்கிவிட்டது. அந்த இடைவெளியில் ஃபிரிட்ஜின் கொள்ளளவு கூடியது, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலையும் குறைந்தது. தடித்த காப்பு, நல்ல கம்ப்ரஸர், ஒழுங்கான கதவு ரப்பர் என்று சாதாரணப் பொறியியல்தான் இதைச் செய்தது.

தர வரம்பு அரசு செய்கிற வேலை. மின் நிறுவனத்தை இதற்குள் இழுத்தது வேறொரு விதி. 1982இல் கலிபோர்னியா ஒழுங்குமுறை ஆணையம் மின் நிறுவனங்களின் வருமானத்தை விற்பனையிலிருந்து பிரித்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு நிறுவனம் நியாயமாக நடக்க ஆண்டுக்கு 100 கோடி வேண்டும் என்று ஆணையம் முடிவு செய்கிறது. 20 கோடி யூனிட் விற்கும் என்று எதிர்பார்த்து யூனிட்டுக்கு 5 ரூபாய் வைக்கிறது. மக்கள் சிக்கனமாக இருந்ததால் 19 கோடிதான் விற்றது, 95 கோடிதான் வந்தது. குறைந்த 5 கோடியை அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சற்று ஏற்றி எடுத்துக்கொள்ளலாம். 21 கோடி விற்றுவிட்டால் கூடுதலாக வந்த 5 கோடியைத் திருப்பித் தர வேண்டும். ஆக, அதிகம் விற்றும் பயனில்லை, குறைத்து விற்றும் நட்டமில்லை. அதற்கு மேல், சிக்கனத் திட்டத்தை நன்றாக நடத்திக் காட்டினால் ஊக்கத்தொகை என்றும் பின்னர் வைத்தார்கள். இந்த ஏற்பாடு 1990களின் நடுவில் மின் துறையைச் சந்தைக்குத் திறந்தபோது நின்றுபோனது. 2000–01 மின் நெருக்கடியில் அடிபட்ட பிறகு மீண்டும் வந்தது. அந்த 2001 கோடையில், போன ஆண்டைவிட 20 சதவீதம் குறைத்தால் பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி என்றே ஒரு திட்டம் நடந்தது.

உங்கள் அக்காவுக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? எல்லோருடைய பில்லிலும் சேர்கிற ஒரு சிறு தொகையிலிருந்து. அவருடைய பில்லிலும் அது உண்டு. பழைய ஃபிரிட்ஜை ஏன் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. புதியது வாங்க மட்டும் தள்ளுபடி கொடுத்தால், பழையதைக் கார் ஷெட்டில் வைத்துக் குளிர்பானம் அடுக்கிக்கொள்வார்கள். ஒன்று இரண்டாகிவிடும், மின் செலவு கூடும். அதனால் ஓடுகிற நிலையில் இருக்கும் பழையதை வீட்டுக்கே வந்து எடுத்து, உடைத்து, உள்ளிருக்கும் வாயுவை முறைப்படி அகற்றி, கையில் 35, 50 டாலர் என்று கொடுக்கிறார்கள். திட்டத்தை வடிவமைத்தவர்கள் வீடுகளுக்குள் போய்ப் பார்த்துச் சிந்தித்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிக்கனம் செய்தவருக்கு பில் குறைகிறது. ஆனால் யூனிட் விலை கொஞ்சம் ஏறுவதால், புதிய சாதனம் வாங்க முடியாத ஏழையும் வாடகை வீட்டுக்காரரும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தனியாக, வீட்டுக் காப்பு வேலையும் சாதன மாற்றமும் இலவசமாகச் செய்து தருகிற திட்டம் வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் தலா மின் பயன்பாடு 1970களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அப்படியே நின்றது, நாடு முழுவதையும் எடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக ஏறியது என்று பெருமையாகச் சொல்வார்கள். எண் சரிதான். ஆனால் அதில் மிதமான தட்பவெப்பத்துக்கும், மின்சாரத்தை விழுங்கும் ஆலைகள் குறைவாக இருந்ததற்கும் பங்கு உண்டு. முழுப் புகழையும் திட்டங்களுக்கே கொடுப்பது நியாயமில்லை.

இந்தத் துறையின் உண்மையான சிரமமும் அங்கேதான் இருக்கிறது. விற்ற யூனிட்டை மீட்டர் காட்டும். விற்காமல் போன யூனிட்டைக் காட்ட எந்த மீட்டரும் இல்லை. 1000 பேருக்குத் தள்ளுபடி கொடுத்தீர்கள். அதில் எத்தனை பேர் தள்ளுபடி இல்லாமலே அதே ஏ.சி.யை வாங்கியிருப்பார்கள்? எத்தனை பேர் பில் குறைந்த தைரியத்தில் கூடுதல் நேரம் ஓட்டினார்கள்? பொதுமக்கள் பணத்தைச் செலவு செய்யும்போது இதற்கெல்லாம் பதில் வேண்டும். அதனால் திட்டத்தில் சேர்ந்தவர்களையும் அவர்களைப் போன்றே இருந்து சேராதவர்களையும் ஒப்பிட்டு, மூன்றாம் ஆளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நன்றாக அளக்கப்பட்ட திட்டம் ஒன்று உண்டு. உங்களைப் போன்ற அளவுள்ள அக்கம்பக்கத்து வீடுகள் எவ்வளவு செலவழிக்கின்றன, நீங்கள் எவ்வளவு என்று ஒரு தாளில் படம் போட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ மாநகர மின் நிறுவனம் 2008 வாக்கில் ஓபவர் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து இதை ஆரம்பித்தது. பிறகு பல நகரங்களில் சுமார் 6 லட்சம் வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது கிடைத்தது சராசரியாக 2 சதவீதக் குறைவு. சின்ன எண்தான், ஆனால் நம்பத்தக்க எண். செலவு ஒரு தபால்தாள். டெல்லியில் பி.எஸ்.இ.எஸ். ராஜதானி என்ற மின் விநியோக நிறுவனமும் இதே முறையைப் பரிசோதித்தது.

வெர்மான்ட் மாநிலம் இன்னும் ஒரு படி போய், விற்பவரிடமே இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2000இல் சிக்கனத்துக்கென்றே தனி அமைப்பை ஏற்படுத்தி, பில்லில் வசூலாகும் தொகையை அதனிடம் கொடுத்தது. எனக்கு இந்த முறைதான் அதிகம் பிடிக்கும்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். நம்மிடம் இதுபோல் எதுவுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். உலகில் பெரியது என்று சொல்லத்தக்க ஒன்றை நாம் செய்திருக்கிறோம், அதன் தொடக்கம் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2014இல் புதுச்சேரியில் பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு எல்.ஈ.டி. பல்பு ஒன்றை 10 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் வந்தது. நடத்தியது ஈ.ஈ.எஸ்.எல்., அதாவது என்.டி.பி.சி., பவர் கிரிட் உள்ளிட்ட நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் தொடங்கிய நிறுவனம். மின் துறைக்கு மிச்சமான பணத்திலிருந்து பல்புக்கான மீதித் தொகை திரும்பி வரும் என்பது ஏற்பாடு. இதுவே 2015 ஜனவரி 5 அன்று நாடு தழுவிய உஜாலா திட்டமாக விரிந்தது. 36 கோடிக்கும் மேல் பல்புகள் விநியோகமாயின.

அந்த எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது விலை. 2014 தொடக்கத்தில் ஈ.ஈ.எஸ்.எல். ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016இல் 38 ரூபாய்க்கு. கோடிக்கணக்கில் வாங்குகிறோம், ஏலத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டதும் உற்பத்தியாளர்கள் விலையைச் சரித்தார்கள். அதன் பலன் திட்டத்தில் சேராதவருக்கும் கடை விலையில் கிடைத்தது. இரண்டாவது உத்தி தவணை. முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்காமல், பல மாநிலங்களில் 10 ரூபாய் வாங்கிக்கொண்டு மீதியை மாதம் பத்து ரூபாயாக மின் பில்லிலேயே பிடித்தார்கள். இதற்கு முன்பு 2009இல் சி.எஃப்.எல். பல்பை 15 ரூபாய்க்குத் தருகிற பச்சத் லேம்ப் யோஜனா வந்திருந்தது. மீதிச் செலவைச் சர்வதேசக் கார்பன் சந்தையில், அதாவது கரியமில வாயுவைக் குறைத்ததற்கான சான்றை விற்கிற சந்தையில், வருகிற வருமானம் ஈடுகட்டும் என்று நம்பினார்கள். கார்பன் விலை விழுந்ததும் அதுவும் படுத்துவிட்டது. உஜாலாவுக்கு அப்படி வெளியார் பணத்தை நம்ப வேண்டியிருக்கவில்லை.

அதே ஈ.ஈ.எஸ்.எல். தெருவிளக்குத் திட்டத்தில் சிக்கிக்கொண்டது. முதலீட்டை அது போடும், மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து உள்ளாட்சிகள் தவணை கட்டும் என்று ஒப்பந்தம். 1 கோடிக்கும் மேல் விளக்குகள் மாறின. ஆனால் பல மாநிலங்களின் உள்ளாட்சிகள் தவணையைக் கட்டாமல் பாக்கி வைத்ததில் நிறுவனத்தின் நிதிநிலையே ஆட்டம் கண்டது. மின்சாரம் மிச்சமானது உண்மை, அந்த மிச்சம் வந்துசேர வேண்டிய கைக்கு வரவில்லை.

இனித் தமிழ்நாட்டுக் கணக்கு. உஜாலாவில் நாம் தாமதமாகத்தான் சேர்ந்தோம், மற்ற பெரிய மாநிலங்களோடு ஒப்பிட்டால் குறைவாகவே விநியோகித்தோம். பயனீட்டாளர் பக்கத்துத் தேவையை மேலாண்மை செய்வதற்கென்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013லேயே விதிமுறை வகுத்திருக்கிறது. களத்தில் அதன் அடையாளத்தை நான் பெரிதாகப் பார்த்ததில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள ஈ.பி.யின் மூன்று வகை வாடிக்கையாளர்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீடு. 2016 மே மாதத்திலிருந்து அந்த 100 யூனிட் இலவசம். இந்த வீட்டில் 75 வாட் பழைய ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்டது) மாட்டினால் வீட்டுக்காரருக்கு ஒரு பைசா லாபமில்லை. அவர் ஏன் 2500, 3000 ரூபாய் செலவு செய்ய வேண்டும்? ஆனால் அந்த மின்சாரத்துக்கான பணம் அரசு மானியத்திலிருந்துதான் போகிறது. ஒரு ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், 45 வாட் குறைவதால் இரண்டு மாதத்தில் மிச்சம் 40 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று குறைத்து மதிப்பிட்டாலும் இரண்டு மாதத்துக்கு 280 ரூபாய், ஆண்டுக்கு 1680. மொத்தமாக ஏலத்தில் வாங்கினால் ஃபேன் விலையும் குறையும். அரசே இலவசமாக மாட்டிக்கொடுத்தாலும் இரண்டு ஆண்டுக்குள் போட்ட பணம் வந்துவிடும். கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவு இதனால் குறையாது என்று யாராவது வாதிடலாம், அது சரிதான். மின்சாரம் வாங்குகிற செலவை மட்டும் எடுத்துக்கொண்டு போட்டால் மூன்று, நான்கு ஆண்டு ஆகலாம். அப்போதும் இது நல்ல முதலீடுதான்.

அதிலும் ஃபேன் ஓடுகிற நேரம் முக்கியம். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் இரவிலும் ஏ.சி.யும் ஃபேனும் நிற்காது. அந்த நேரத்தில் சூரிய மின்சாரம் கிடையாது. பற்றாக்குறையைச் சந்தையில் வாங்கினால் சில நேரம் யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொடும். இரவில் மிச்சமாகிற ஒரு யூனிட்டுக்குப் பகல் யூனிட்டைவிட மதிப்பு அதிகம்.

இதை நடத்த ஆள்பலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011க்குப் பிறகு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொண்டுசேர்த்த மாநிலம் இது. வீடு வீடாகப் போகத் தெரிந்த அரசு இயந்திரம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது வகை, இலவச விவசாயப் பம்புசெட். 1990இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். கட்டணம் இல்லாதபோது விவசாயி ஏன் நல்ல மோட்டார் தேட வேண்டும்? காயில் கருகினால் பக்கத்து டவுனில் ரீவைண்டிங் செய்து மாட்டிக்கொள்வார், ஒவ்வொரு ரீவைண்டிங்கிலும் திறன் கொஞ்சம் குறையும். இலவசத்தை நிறுத்தச் சொல்லவில்லை நான். பஞ்சாப் 2018இல் நல்ல வழி ஒன்றைக் காட்டியது. சேர விரும்பும் விவசாயிக்கு இத்தனை யூனிட் என்று ஓர் அளவு நிர்ணயிப்பார்கள். அதற்குக் கீழ் எத்தனை யூனிட் மிச்சம் பிடிக்கிறாரோ, யூனிட்டுக்கு 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் போடுவார்கள். மீறினால் அபராதம் கிடையாது. தண்ணீர் மிச்சம், மின்சாரம் மிச்சம், விவசாயி கையில் காசு. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் மங்கள்வேடாவில் பழைய பம்புகளை நட்சத்திரக் குறியீடுள்ள பம்புகளாக மாற்றும் முன்னோடித் திட்டமும் நடந்தது. நாட்டுக்கே பம்பு செய்து கொடுக்கிற கோயம்புத்தூரை வைத்துக்கொண்டு நாம் இதில் பின்தங்கி நிற்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

மூன்றாவது வகை, நீங்கள்: கடை, ஒர்க்‌ஷாப், ஆலை, அதோடு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு. இங்கே கணக்கு தலைகீழ். மற்ற இரண்டு வகையையும்விட யூனிட்டுக்கு அதிக விலை கட்டுகிறவர்கள் நீங்கள், வீடாக இருந்தால் கடைசி யூனிட்டுகளுக்காவது. நீங்கள் சிக்கனம் செய்தால் ஈ.பி.க்கு நிஜமாகவே வருமான இழப்பு. அதனால் உங்களைத் தேடி ஈ.பி. வரும் என்று காத்திருக்காதீர்கள். டெல்லியிலும் மும்பையிலும் தனியார் விநியோக நிறுவனங்கள் பழைய ஏ.சி., ஃபேனை எடுத்துக்கொண்டு சலுகை விலையில் புதியது கொடுத்த திட்டங்கள் உண்டு. அங்கே உச்சநேரத் தேவையை இறக்குவது நிறுவனத்துக்கே லாபம், ஆணையமும் செலவை அங்கீகரிக்கிறது. இங்கே அந்த ஏற்பாடு வரும்வரை வேலையை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், உங்களைப் போன்றவருக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் கிடைக்கிற மிச்சம்தான் மிக அதிகம்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது 500 என்ற எல்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன், இப்போது விலை ஏறியிருக்கிறது, அமைப்பு அதேதான். சரியாக 500 யூனிட் ஓட்டினால் 101–200க்கு 2.25, 201–400க்கு 4.50, 401–500க்கு 6 ரூபாய் என்று மொத்தம் 1725. பத்தே யூனிட் கூடி 510 ஆனால் 101–400 முழுவதற்கும் 4.50 ஆகிவிடும், 500க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 2030. அந்தப் பத்து யூனிட்டின் விலை 305 ரூபாய்! இப்போது 540 யூனிட் ஓட்டுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பில் 2270. அதிகம் ஓடுகிற இரண்டு ஃபேனை மட்டும் மாற்றினால் 81 யூனிட் குறைந்து 459க்கு வரும், பில் 1479. இரண்டு மாதத்துக்கு 791 ரூபாய் மிச்சம். 6000 ரூபாய்க்கு இரண்டு ஃபேன் வாங்கினாலும் ஒன்றேகால் ஆண்டு சொச்சத்தில் பணம் திரும்பிவிடும். வேறு எந்தச் சாதனத்தையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன்.

ஏ.சி.யோ ஃபிரிட்ஜோ வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். 2006இல் தொடங்கிய இந்தக் குறியீட்டின் அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள், பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு மூன்றுக்கு வந்திருக்கலாம். லேபிளில் எந்த ஆண்டுக்கானது என்றும் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த யூனிட் எண்தான் சரி. ஃபேனுக்கு இந்தக் குறியீடு 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம், அதனால் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஏ.சி.யை 24இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்கிற கணக்கு.

அப்புறம் ஒர்க்‌ஷாப். சின்னத் தொழிற்கூடங்களில் நான் முதலில் போய் நிற்பது காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரஸர் பக்கத்தில்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாதபோதும் அது லோடு எடுத்தால், அதாவது காற்றை நிரப்ப இழுத்து ஓடினால், அவ்வளவும் கசிவு. லோடில் ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு எத்தனை சதவீதம் என்று வந்துவிடும். சரியாகப் பராமரிக்காத இடங்களில் 20, 30 சதவீதம் சாதாரணம். சோப்புத் தண்ணீர், புது ஹோஸ், கிளாம்ப் என்று சில நூறு ரூபாய் வேலை. தேவைக்கு மேல் பிரஷர் வைத்திருந்தால் இறக்குங்கள், 1 பார் (காற்றழுத்த அளவு) இறக்கினால் கம்ப்ரஸர் மின் செலவில் 6, 7 சதவீதம் குறையும்.

மோட்டார் எரிந்தால் மூன்றாவது முறையும் ரீவைண்டிங் செய்ய வேண்டாம், ஐ.இ.3 என்ற உயர் திறன் தர மோட்டார் வாங்குங்கள். நாளெல்லாம் ஓடும் மோட்டாருக்கு அதன் விலையைவிடப் பல மடங்கு பணம் ஒரே ஆண்டில் மின்கட்டணமாகப் போகிறது. பிளோயர், பம்ப் போன்றவற்றை வால்வோ டேம்பரோ வைத்து அடக்கி ஓட்டிக்கொண்டிருந்தால் வி.எஃப்.டி., அதாவது மோட்டாரின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் கருவி, போடுங்கள். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குகிறது. லேத் போன்ற மெஷின்களில் இந்த லாபம் வராது, வி.எஃப்.டி. விற்பவர் எல்லாவற்றுக்கும் மாட்டச் சொன்னால் கேட்காதீர்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. மாநில அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை 'பீஸ்' என்ற திட்டத்தில் எனர்ஜி ஆடிட் செலவில் ஒரு பங்கையும், ஆடிட் பரிந்துரைத்த இயந்திரங்களின் விலையில் ஒரு பங்கையும் திருப்பித் தருகிறது. உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மெஷினை வாங்கிவிட்டுப் போய் நிற்காதீர்கள், ஆடிட் அறிக்கை முதலில் வேண்டும். 2025இல் பி.இ.இ. தொடங்கிய அடீட்டி என்ற திட்டம் இதே வேலைக்கு வாங்கும் கடனுக்கு வட்டிச் சலுகை தருகிறது, குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதம்.

கடைசியாக பில்லையே படியுங்கள். ஒரு யூனிட்கூட மிச்சம் பிடிக்காமல் பணம் மிச்சமாகும் இடம் அது. நிலைக்கட்டணம் நீங்கள் அனுமதி வாங்கிய கிலோவாட்டுக்குத்தான் வருகிறது, ஓட்டுகிற கிலோவாட்டுக்கு இல்லை. எப்போதோ விற்றுவிட்ட மெஷினுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். 2022 உயர்வுக்குப் பிறகு கோவைத் தொழில்முனைவோர் அத்தனை போராட்டம் நடத்தியது இந்த நிலைக்கட்டணத்தை எதிர்த்தும்தான். அனுமதி வாங்கிய அந்தக் கிலோவாட்டைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். பவர் ஃபேக்டர் (இழுக்கிற மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) அபராதம் என்று ஒரு வரி இருந்தால் கெப்பாசிட்டர் பேனலைத் திறந்து பாருங்கள், இரண்டு மூன்று கெப்பாசிட்டர் செத்திருக்கும். நாளைக்கு ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்புக்குப் போகிற யோசனை இருந்தால் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஒப்பந்தம் செய்த கே.வி.ஏ.வில் (ஒரே நேரத்தில் இழுக்க அனுமதி வாங்கிய அளவு) 90 சதவீதத்துக்கு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் டிமாண்ட் கட்டணம் உண்டு. இரண்டு, காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி. ஃபர்னஸ் மாதிரி அதிகம் இழுக்கிற ஒன்று உங்களிடம் இருந்தால், கே.வி.ஏ. எவ்வளவு கேட்பது என்று முடிவெடுக்கும் முன்பே அதை எந்த நேரத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்று தீர்மானித்துவிடுங்கள்.